டிராக்டர் திருட்டு: சி.எஸ்.ஆர். ரசீது போதாது, எஃப்.ஐ.ஆர். கேளுங்கள்

கேள்வி: மோட்டார் கொட்டகை அருகே நிறுத்தியிருந்த டிராக்டரும் அதில் மாட்டி உழும் ரோட்டவேட்டரும் ஆறு நாளுக்கு முன் இரவில் திருடு போய்விட்டன. மறுநாளே போலீசில் புகார் கொடுத்தேன். சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து, “ஃபைனான்ஸ்காரங்க தூக்கியிருப்பாங்க, விசாரிச்சுட்டு வாங்க” என்கிறார்கள். இரண்டு தவணை பாக்கி உண்மைதான். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இன்னும் சொல்லவில்லை. என்ன செய்வது?
- விழுப்புரம் மாவட்ட விவசாயி

பதில்: ஆறு நாளில் ஒரு டிராக்டர் மாநில எல்லையைத் தாண்டிவிடலாம், பாகம் பாகமாகவும் பிரிந்துவிடலாம். அதனால்தான் இந்தத் தாமதம் எனக்குக் கோபம் தருகிறது. சி.எஸ்.ஆர். என்பது மனு வாங்கியதற்கான ரசீது, அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் முறையான புலன்விசாரணை தொடங்கும்.

முதலில், உங்கள் வண்டியை எடுக்கவில்லை என்று ஃபைனான்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் வாங்குங்கள். போலீஸ் சொல்லும் காரணம் அதோடு அடிபட்டுப்போகும். (வண்டி இல்லாவிட்டாலும் தவணை ஓடிக்கொண்டுதான் இருக்கும். அவகாசத்தையும் அப்போதே எழுதிக் கேளுங்கள்.)

அந்தக் கடிதத்தோடு மறுபடி ஸ்டேஷனுக்குப் போங்கள். புகாரில் இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் இரண்டும் இருக்கட்டும். ரோட்டவேட்டருக்கு ஆர்.சி. கிடையாது. எனவே பில்லில் உள்ள சீரியல் நம்பர், எங்கே வெல்டிங் வைத்தீர்கள், எந்தக் கத்தி புதிது என்பதுவரை எழுதுங்கள். பழைய இரும்புக் கடையில் பத்தோடு பதினொன்றாகக் கிடந்தாலும் உங்களுடையது என்று காட்ட அதுதான் வழி.

திருட்டுப் புகாருக்கு எஃப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2013-லேயே சொல்லிவிட்டது. “முதலில் விசாரிக்கிறோம்” என்றால், டி.எஸ்.பி.யின் முன் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173(3)-ன்படி அந்த விசாரணைக்கு 14 நாள்தான் கெடு. மறுத்தால் 173(4)-ன்படி எஸ்.பி.க்குத் தபாலில் புகார் அனுப்புங்கள், அப்புறம் மாஜிஸ்திரேட்டிடம் மனு. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இன்றைக்கே எழுதுங்கள், ஆர்.டி.ஓ.வுக்கும் ஒரு நகல். தாமதம் என்று கிளெய்மைத் தள்ளினால் பயப்பட வேண்டாம். 2020-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்த குர்ஷிந்தர் சிங் வழக்கும் டிராக்டர் திருட்டுதான். வண்டிக்காரர் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு 52 நாள் கழித்துத்தான் தெரிவித்திருந்தார். உடனே எஃப்.ஐ.ஆர். பதிவாகியிருந்ததால், அந்தத் தாமதத்துக்காக மட்டும் கிளெய்மை மறுக்கக் கூடாது என்றது கோர்ட். நீங்கள் மறுநாளே புகார் கொடுத்ததற்கு அந்த சி.எஸ்.ஆர். ரசீதுதான் சாட்சி, பத்திரமாக வையுங்கள். அப்படியும் மறுத்தால் இரண்டு வருடத்துக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

வண்டி கிடைத்துவிட்டால் வழக்கு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஸ்டேஷன் வாசலில் வெயிலிலும் மழையிலும் துருப்பிடிக்க விடாமல், ஆர்.சி.யோடு மாஜிஸ்திரேட்டிடம் இடைக்காலப் பொறுப்பு கேட்டு உடனே மனுப் போடுங்கள். பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்தால் வண்டியை வாங்கி உழவுக்கு ஓட்டலாம். தீர்ப்பு வரும்வரை விற்கவோ அடையாளத்தை மாற்றவோ மட்டும் கூடாது.