பாட்டியை விட்டுவிடுங்கள்

அன்புள்ள ஐயா,

என் பாட்டிக்குத் தொண்ணூறு வயது தாண்டிவிட்டது. மலாயாவில் பேராக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். 1943இல், உலகப்போர் நடந்த சமயம், ஜப்பானியர்கள் அவருடைய அப்பாவைச் சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவே இல்லை. சண்டை முடிந்தபின் பாட்டி தன் அம்மாவோடு கப்பலேறி வந்து, பெங்களூரில் உறவினர் வீட்டில் ஒண்டி வளர்ந்தார். நான் ஒயிட்ஃபீல்டில் ஒரு ஜப்பானிய நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். போன மாதம் உடன் வேலை செய்யும் ஜப்பானியர் ஒருவரை வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருந்தேன். அவர் கிளம்பும்வரை பாட்டி அறையைவிட்டு வெளியே வரவில்லை. நாஜி வதைமுகாமான ஆஷ்விட்ஸிலிருந்து பிழைத்த ஈவா கோர் மன்னிப்பைப் பற்றிப் பேசும் காணொளியைப் போட்டுத் தமிழில் விளக்கினேன். அதே சயாம் பாதையில் வதைபட்டுப் பிறகு மன்னித்த எரிக் லோமாக்ஸின் கதையையும் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். மன்னித்தால்தானே மனசு லேசாகும்? அவரை எப்படி வழிக்குக் கொண்டுவருவது? எல்லாம் கர்மவினை என்று அம்மா சொல்கிறாரே, சரியா? அடுத்த ஆண்டு நான் டோக்கியோவுக்கு மாற்றலாகிப் போவது பாட்டிக்குச் செய்யும் துரோகமா?

எம்., பெங்களூரு

அன்புள்ள எம்.,

கர்மவினைப் பேச்சை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். அடித்தவனை விட்டுவிட்டு அடிபட்டவனிடம் கணக்குக் கேட்கும் பேச்சு அது. அம்மாவோடு சண்டை போட வேண்டாம். பாட்டியின் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், போதும்.

சயாம் ரயில் பாதையைப் பற்றிக் கொஞ்ச காலமாகவே படித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. அதனால் கடுமையாகத்தான் கேட்கத் தோன்றுகிறது: தொண்ணூறு வயதுப் பெண்ணை வழிக்குக் கொண்டுவர நீங்கள் யார்? சின்னஞ்சிறு வயதில் அப்பாவைப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தோடேயே பிள்ளை பெற்று வளர்த்து, பேத்தி படித்து வேலைக்குப் போகும்வரை பார்த்திருக்கிறார். அறைக்குள் போய் உட்கார்ந்ததைத் தவிர அந்த விருந்தாளிக்கு அவர் என்ன கெடுதல் செய்தார்? உங்களுக்குச் சங்கடமாகப் போயிற்று. உங்கள் சங்கடம் தீர அவர் மன்னிக்க வேண்டும் என்கிறீர்கள்.

லோமாக்ஸின் கதையைச் சொன்னீர்களாம். முழுக்கச் சொன்னீர்களா? பிரிட்டிஷ் ராணுவத்தின் தகவல்தொடர்பு (சிக்னல்ஸ்) பிரிவு அதிகாரி அவர். 1942இல் சிங்கப்பூர் விழுந்தபோது பிடிபட்டார். அடுத்த ஆண்டு, ரயில் பாதை வேலை நடந்த தாய்லாந்தின் காஞ்சனபுரி முகாமில் கைதிகள் ஒளித்துவைத்திருந்த வானொலி அகப்பட்டதும் கைகள் முறியும்வரை அடித்தார்கள். விசாரணையில் மொழிபெயர்த்தவர் நாகாசே தகாஷி. அந்தக் குரல் அரை நூற்றாண்டு லோமாக்ஸின் காதைவிட்டுப் போகவில்லை. அந்த ஆளைக் கொல்ல வேண்டும் என்றே நினைத்திருந்தார்.

நாகாசேயும் சும்மா இருக்கவில்லை. போர் முடிந்ததும் கைதிகளின் புதைகுழிகளைத் தேடிக் காட்டுக்குள் போன குழுவோடு போனார். பிறகு திரும்பத் திரும்பத் தாய்லாந்துக்குப் போய் அங்கே ஒரு கோவிலும் கட்டினார். கல்லறைத் தோட்டத்தில் நின்றபோது தான் மன்னிக்கப்பட்டுவிட்டதாக உணர்ந்தேன் என்று எழுதவும் செய்தார். அதைப் படித்து லோமாக்ஸின் மனைவி கொதித்துப்போனார். உங்கள் கையில் துன்பப்பட்டவர் இங்கே இன்னும் மன்னிக்கவில்லையே, உங்களுக்கு அது எப்படிக் கிடைத்தது என்ற பொருளில் கடிதம் போட்டார். அதன் பிறகுதான் 1993இல் அந்த ரயில் பாதையின் க்வாய் ஆற்றுப் பாலத்தருகே இருவரும் சந்தித்தார்கள். நாகாசே நடுங்கிக்கொண்டே குனிந்து, திரும்பத் திரும்ப வருத்தம் சொன்னார். லோமாக்ஸ் மன்னித்தது அதற்கும் பிறகு, ஜப்பானுக்குப் போன இடத்தில்.

ஈவா கோர் 1995இல் ஆஷ்விட்ஸில் நின்று நாஜிகளை மன்னித்தபோதும் தன் பெயரில் மட்டும் என்று சொல்லித்தான் மன்னித்தார். அது அவருக்கு விடுதலை கொடுத்தது, மறுக்கவில்லை. அங்கிருந்து பிழைத்த வேறு பலர் அதை ஏற்கவே இல்லை. அவர்களும் கல்யாணம் செய்து, பிள்ளைகளை வளர்த்து, நிமிர்ந்துதான் வாழ்ந்தார்கள்.

சரி, உங்கள் கொள்ளுத்தாத்தாவுக்காக யார் வந்து குனிந்தார்கள்? தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் பாதை. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர், அதில் 12,000க்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் 90,000 இருக்கலாம் என்கிறார்கள். தோட்டத்துத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அதில் உண்டு. இருக்கலாம் என்றுதான் சொல்ல முடிகிறது, ஏனென்றால் யாரும் ஒழுங்காக எண்ணவில்லை. கைதிகளோடு அவர்களுடைய ராணுவ டாக்டர்கள் இருந்தார்கள், செத்தவர் பெயரை ஒளித்து எழுதிவைக்க அதிகாரிகள் இருந்தார்கள். தோட்டத்து ஆட்களுக்கு அந்த இரண்டும் இல்லை. காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 பேர் வரிசையாகக் கிடக்கிறார்கள். நம் ஆட்கள் அதில் இல்லை. 2000ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசு, ஜப்பானியரிடம் கைதியாக இருந்து மிஞ்சிய தன் ஆட்களுக்குத் தலைக்கு 10,000 பவுண்டு கொடுப்பதாக அறிவித்தது. அதே பிரிட்டிஷாரின் தோட்டங்களில் ரப்பர் பால் வெட்டியவர்களை அந்தப் பணம் எட்டவில்லை.

உங்கள் கடிதத்தைப் படிக்கையில் நான் நினைத்துக்கொண்டிருந்த மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1970களின் கடைசியில், அல்சூர் சோமேஸ்வரர் கோவில் பக்கம் ஒரு சந்தில் இஸ்திரி வண்டி வைத்திருந்தார் ஒரு பெரியவர். சயாம் போய் மீண்டவர். இடது முழங்காலுக்குக் கீழே சதை குழிந்து, எலும்பின்மேல் தோல் வெங்காயச் சருகு மாதிரி பளபளவென்று ஒட்டியிருக்கும். மூங்கில் கீறிய சின்னக் காயம் அழுகிப் புண்ணாகி அப்படி ஆயிற்று.

வண்டிக்குப் பக்கத்தில் மூன்று கல் அடுக்கி எப்போதும் ஒரு சொம்பில் தண்ணீர் கொதிக்கும். சித்திரை வெயிலிலும் காய்ச்சி ஆறிய தண்ணீர்தான். திருவிழாவில் பானகம் கொடுத்தால்கூடக் கை நீட்ட மாட்டார். 1943 மழைக்காலத்தில் அவர் இருந்த முகாமில் காலரா வந்திருக்கிறது. ஆற்றுத் தண்ணீரை அப்படியே குடித்தவர்கள் விடிவதற்குள் போய்விட்டார்கள். இவர் தகர டப்பாவில் காய்ச்சிக் குடித்தார். "எனக்கு மட்டும்னா சலிச்சுப்போய் விட்டிருப்பேன் தம்பி. பக்கத்துல படுத்திருந்தவனுக்கும் சேத்துக் காச்ச வேண்டியிருந்துச்சு" என்றார். பிழைத்தவர்களின் மனவலிமையைப் பற்றி நான் நேரில் கேட்ட சாட்சியம் இது. மன்னிப்பு இதில் எங்கே வருகிறது?

ஜப்பான்காரனை மன்னித்துவிட்டீர்களா என்று நானும் ஒருநாள் கேட்டேன். அவர் பேசியது தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியைப் பற்றி. நாளுக்கு ஒரு டாலர் சம்பளம், கொஞ்ச மாதத்தில் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டித்தான் முதலில் ஆள் எடுத்தார்கள். ஆள் சேராதபோது தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கேட்டார்கள். இவர் தோட்டத்தில் பெயரெழுதிக் கொடுத்தது கிராணி, தமிழர். தனக்கு வேண்டியவர்களை விட்டுவிட்டு எழுதியிருக்கிறார். சண்டை முடிந்து ஊர் திரும்பிய கப்பலில் அதே தளத்தில் அந்தக் கிராணியும் குடும்பத்தோடு வந்தார். நாகப்பட்டினம் வரும்வரை இவர் பக்கம் திரும்பவே இல்லை. "வந்து கேட்டிருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு தெரியல. கேக்காதவனுக்கு எதைக் கொடுக்கிறது?" என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்து விரித்தார்.

இவ்வளவு நீளக் கடிதத்தில் உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயர் இல்லை, கவனித்தீர்களா? ஈவா கோரின் கதையைத் தமிழில் சொல்ல முடிந்த உங்களுக்கு அது தெரியுமா? எந்த ஊரிலிருந்து மலாயாவுக்குப் போனவர், பிடித்துக்கொண்டு போன அன்று வீட்டில் என்ன நடந்தது, அப்புறம் அந்தத் தாயும் மகளும் எதைத் தின்று பிழைத்தார்கள் என்று பாட்டியிடம் கேளுங்கள். அவருக்கு விருப்பமில்லை என்றால் பேச்சை விட்டுவிடுங்கள். போனை முகத்துக்கு நேரே நீட்டிப் பதிவு செய்ய வேண்டாம்.

உங்கள் ஜப்பானிய நண்பர் ஒரு குற்றமும் செய்யாதவர். பாட்டி ஏன் வரவில்லை என்று கேட்டால் உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லாதீர்கள். நடந்ததைச் சொல்லுங்கள். வருத்தப்படுவார், படட்டும். வளர்ந்த மனிதர், தாங்கிக்கொள்வார். டோக்கியோவுக்குத் தாராளமாகப் போங்கள், அதில் துரோகம் எதுவும் இல்லை. ஆனால் அந்தச் செய்தியைப் பாட்டியிடம் நீங்களே உட்கார்ந்து சொல்லுங்கள். அம்மா மூலமாகச் சொல்லி அனுப்பாதீர்கள்.

அன்புடன்