ஹாலை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்

கேள்வி: ஈரோட்டில் சொந்த வீடு. ஹால் 16 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம். தரை முழுக்க டைல்ஸ். 11 அடிச் சுவரில் 55 இன்ச் டி.வி. மாட்டியிருக்கிறோம். பாதி நேரம் பழைய சினிமாப் பாட்டும் கச்சேரியும், மீதி நேரம் ஓ.டி.டி.யில் படம். படத்தில் வசனம் புரிவதில்லை. சத்தத்தைக் கூட்டினால் பின்னணி இசை வீட்டைத் தூக்குகிறது. ஒன்றேகால் லட்சம் வரை செலவழிக்கலாம். கடையில் '1000 வாட்ஸ்' டவர் செட் ஒன்றைக் காட்டுகிறார்கள். தெரிந்த மெக்கானிக் ஒருவர் 24-0-24, 5 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு 5.1 ஆம்ப் (ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்குமானது) அசெம்பிள் செய்து தருகிறேன், அதுவும் 1000 வாட்ஸ்தான் என்கிறார். எதை வாங்குவது? ரிசீவரை முதலில் பார்ப்பதா, ஸ்பீக்கரையா?

பதில்: ஸ்பீக்கரை. அதற்கும் முன்னால் ஹாலை. நல்ல வேளையாக அளவையெல்லாம் எழுதிவிட்டீர்கள். பெரும்பாலோர் வாட்ஸைக் கேட்பார்களே தவிர அறையைச் சொல்ல மாட்டார்கள்.

இந்த 1000 வாட்ஸ் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். 24-0-24 டிரான்ஸ்ஃபார்மர் என்றால் இரு முனைக்கும் இடையே 48 வோல்ட். அதை 5 ஆம்பியரால் பெருக்கினால் 240. அந்த டிரான்ஸ்ஃபார்மர் சூடேறாமல் தொடர்ந்து தரக்கூடியது அவ்வளவுதான். அதிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஹீட் சிங்க்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) வெப்பமாகப் போய்விடும். எல்லாச் சேனலும் (ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் போகும் தனி வழி) சேர்ந்து 150 வாட்ஸ் ஸ்பீக்கருக்கு வந்தாலே பெரிய விஷயம். டையோடு, கெப்பாசிட்டர் தாண்டி ஆம்ப் போர்டுக்குக் கிடைப்பது பிளஸ் மைனஸ் 33 வோல்ட் அளவு. அதை வைத்து 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்றுக்கு 50 வாட்ஸ் தரலாம், அதுவே உச்சம். மெக்கானிக் வேண்டுமென்றே பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். போர்டு விற்கிறவர்கள் சொல்லும் எண் அப்படியே கைமாறி வருகிறது. கம்பெனி செட்டில் போட்டிருக்கும் 1000-மும் இதே சங்கதிதான். பின்பக்கத்தில் 'பவர் கன்சம்ப்ஷன்' என்று ஒரு எண் அச்சிட்டிருக்கும், அதைப் பாருங்கள். சுவரிலிருந்து 150 வாட்ஸ் இழுக்கிற பெட்டி ஒருநாளும் 1000 வாட்ஸைத் தொடர்ந்து வெளியே தள்ள முடியாது.

உங்கள் ஹாலுக்கு உண்மையில் எவ்வளவு வேண்டும்? ஸ்பீக்கரின் விவரத்தாளில் 'சென்சிட்டிவிட்டி' என்று ஒரு எண் இருக்கும். 87 டெசிபல் என்றால், ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி 87 டெசிபல் கேட்கும் என்று பொருள். உங்கள் சோபா எட்டரை அடி தூரத்தில் இருந்தால் தூரத்தால் சுமார் 8 டெசிபல் குறையும். ஸ்பீக்கர் இரண்டு இருப்பதாலும் சுவர்கள் திருப்பித் தருவதாலும் இந்தக் குறைவு பெரும்பாலும் ஈடாகிவிடும். ஆக, ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட்டில் 84, 85 டெசிபல். அதுவே பக்கத்தில் இருப்பவரோடு குரல் உயர்த்திப் பேச வேண்டிய சத்தம். நிதானமாகப் பாட்டுக் கேட்கப் ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு போதும். மீதியெல்லாம் தவில் அடியோ படத்தில் வெடிச் சத்தமோ திடீரென்று எழும்போது நொடியில் ஒரு பங்குக்குத் தேவைப்படுவது. அதற்கு 50, 60 வாட்ஸ் நிஜமாக இருந்தால் உங்கள் வீட்டுக்குத் தாராளம்.

வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டும். காதுக்கு 'கொஞ்சம் கூடியிருக்கிறது' என்று தோன்றும், அவ்வளவே. சத்தம் இரட்டிப்பானதுபோல் தோன்றச் சுமார் 10 டெசிபல் வேண்டும்; அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ். ஆகவே 84 டெசிபல் ஸ்பீக்கருக்கு 80 வாட்ஸ் கொடுப்பதும் 90 டெசிபல் ஸ்பீக்கருக்கு 20 வாட்ஸ் கொடுப்பதும் ஒன்றே. ஒப்பிடும்போது ஒரு கவனம்: 4 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் கொடுத்து அளந்திருந்தால் அது இழுப்பது ஒரு வாட் அல்ல, இரண்டு வாட். அந்த எண்ணிலிருந்து 3-ஐக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

ரிசீவர் என்பது டி.வி.யின் ஒலியை வாங்கிப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்தனுப்பும் பெட்டி. அதன் விவரத்தாளிலும் ஒரே பெட்டிக்கு 70, 100, 135 என்று மூன்று எண்கள் இருக்கும். '20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனல் இயங்கும்போது' என்று எழுதியிருக்கும் சிறிய எண்தான் நம்பத் தகுந்தது. '1 கிலோஹெர்ட்ஸ், ஒரு சேனல், 10 சதவீத டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு)' என்று சொல்லும் பெரிய எண் அட்டைப்பெட்டியின் மேல் அச்சடிப்பதற்கு. பத்து சதவீத டிஸ்டார்ஷனில் நாகஸ்வரம் கேட்டால் தகரத்தைக் கிழிப்பதுபோல் இருக்கும்.

இப்போது வாங்க வேண்டியது. டவர் வேண்டாம். 11 அடி அகல ஹாலில் டவர் ஸ்பீக்கர் சுவரை ஒட்டித்தான் நிற்கும். சுவரை ஒட்டினாலே பாஸ், அதாவது கீழ்ச் சுருதி, வீங்கும். ஐந்தே கால் அல்லது ஆறரை இன்ச் வூஃபர் (கீழ்ச் சுருதிக்கான பெரிய கூம்பு) உள்ள, 86 டெசிபலுக்குக் குறையாத, 8 அல்லது 6 ஓம் புக்ஷெல்ஃப் (அலமாரியில் வைக்கும் அளவுச் சிறிய ஸ்பீக்கர்) ஜோடி ஒன்றை எடுங்கள். மொத்தப் பணத்தில் ஏறக்குறைய பாதியை இதற்கே ஒதுக்குங்கள். அடுத்த பெரிய பங்கு ஐந்து சேனல் ஏ.வி. ரிசீவருக்கு. பாட்டு மட்டும் என்றால் இரண்டு சேனல் ஸ்டீரியோ ஆம்ப்தான் சரி என்று சொல்லியிருப்பேன். நீங்கள் பாதி நேரம் படம் பார்க்கிறவர். சென்டர் ஸ்பீக்கரையும் (டி.வி.க்கு நடுவே வைப்பது) சப்வூஃபரையும் (பாஸுக்கென்றே தனி ஸ்பீக்கர்) பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். ஆனால் இன்று வாங்கும் ஜோடியின் அதே மாடல் வரிசையில் சென்டர் ஸ்பீக்கர் உண்டா என்று இன்றே கேட்டுக்கொள்ளுங்கள். வேறு கம்பெனி சென்டரைச் சேர்த்தால், ஆள் திரையின் குறுக்கே நடக்கும்போது குரலே மாறிப்போகும்.

ரிசீவரில் எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. இருந்தால் டி.வி.யிலிருந்து ஒரே கேபிளில் ஒலி வந்துவிடும். ஓ.டி.டி. தளங்கள் அனுப்பும் டால்பி டிஜிட்டல் பிளஸ் இதிலேயே வரும். அதன் மேம்பட்ட வடிவமான ஈ.ஏ.ஆர்.சி. இருந்தால் நல்லது; புளூ-ரே பிளேயரை டி.வி.யில் சொருகாதவரை அது இல்லாததால் நஷ்டமில்லை. தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் அட்மாஸுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். ஒன்றேகால் லட்சத்தை ஒன்பது பெட்டிகளுக்குப் பங்கு போட்டால் ஒன்றுகூட உருப்படியாக இருக்காது. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் ரிசீவர் 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் சொருகிய கணத்தில் போய்விடும்.

அசெம்பிள் ஆம்ப் தாழ்ந்ததல்ல. இரண்டு சேனல் பாட்டுக்கு, நல்ல டிரான்ஸ்ஃபார்மரும் போதிய ஹீட் சிங்க்கும் போட்டால் அது பல வருடம் உழைக்கும். ஆனால் ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் தூரத்தைக் கணக்கிட்டுத் தாமதம் வைப்பது, பாஸைப் பிரித்து சப்வூஃபருக்கு அனுப்புவது, அறைக்கு ஏற்பத் திருத்துவது ஆகிய வேலைகள் அதில் கிடைப்பது அபூர்வம். என்றாவது செய்துகொள்வதானால் ரிலே உள்ள ஸ்பீக்கர் புரொடெக்ஷன் போர்டு கட்டாயம் இருக்க வேண்டும். அவுட்புட் டிரான்ஸிஸ்டர் ஒன்று ஷார்ட் ஆனால் அந்த 33 வோல்ட் டி.சி. நேராக வூஃபருக்குப் போகும். வாய்ஸ் காயில் கருகச் சில நொடி போதும்.

வசனம் புரியாததற்கு வருவோம். டி.வி.யின் ஸ்பீக்கர் கீழ்ப்பக்கம் அல்லது பின்பக்கம் பார்த்திருக்கும். ஒலி சுவரிலும் டைல்ஸிலும் பட்டுத்தான் உங்களிடம் வருகிறது. 5.1 ஒலித்தடத்தில் வசனம் பெரும்பாலும் சென்டர் சேனலில் இருக்கும். சென்டர் ஸ்பீக்கர் வாங்கிய பிறகு அதை மட்டும் 2, 3 டெசிபல் கூட்டினால் பிரச்சினை தீரும். அதுவரை ரிசீவர் மெனுவில் சென்டருக்கு 'நன்' (None, அதாவது இல்லை) என்று கொடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால், இல்லாத ஸ்பீக்கருக்கு ரிசீவர் வசனத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். பாட்டும் மழைச் சத்தமும் கேட்கும், ஆள் வாயை மட்டும் அசைப்பார். புதிதாக வாங்கிய ரிசீவர் பழுது என்று திருப்பிக் கொடுப்பவர்களில் பலருக்கு நடந்திருப்பது இதுதான்.

பொருத்துவது: டி.வி. சுவரில் இரண்டு ஸ்பீக்கரும் 7 அடி இடைவெளியில். பக்கச் சுவரிலிருந்து இரண்டிரண்டு அடி, டி.வி. சுவரிலிருந்து ஒன்றரை அடி. ட்வீட்டர் (மேல் சுருதிக்கான சிறிய ஸ்பீக்கர்) உட்கார்ந்த நிலையில் உங்கள் காதின் உயரத்தில், அதாவது தரையிலிருந்து 36 முதல் 38 இன்ச். சோபாவைப் பின் சுவரோடு ஒட்டிவிடாதீர்கள், டி.வி. சுவரிலிருந்து 10 அடியில் போட்டால் பின்னால் 6 அடி மிச்சம் இருக்கும்.

உங்கள் ஹாலில் ஒரு சிக்கல் கண்டிப்பாக வரும். 11 அடி அகலத்தில் 52 ஹெர்ட்ஸ் பக்கமும், 10 அடி உயரத்தில் 57 ஹெர்ட்ஸ் பக்கமும் ஒலி சுவருக்குச் சுவர் மோதித் தங்கும். இரண்டும் அருகருகே இருப்பதால் அந்தச் சுருதியில் வரும் பாஸ் 'தும்ம்' என்று நீளும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தைக் கவனித்தால் பிடிபடும்: அடிக்கும் அடிக்கும் நடுவே மௌனம் இருக்க வேண்டும், ஒன்றோடொன்று ஒட்டி ஓடினால் அறை பேசுகிறது என்று அர்த்தம். ஸ்பீக்கரின் பின்னால் ஓட்டை இருந்தால் அதில் ஒரு காலுறையைச் சுருட்டிச் செருகிப் பாருங்கள். சப்வூஃபர் வாங்கும்போது அதை முதலில் சோபாவின் மேல் வைத்து, பாஸ் நிறைந்த பாட்டு ஒன்றை ஓடவிட்டு, நீங்கள் சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். எந்த இடத்தில் எல்லாச் சுருதியும் சமமாகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை வையுங்கள். மெனுவில் முன் ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' ஆக்கி, 80 ஹெர்ட்ஸில் பிரித்துவிடுங்கள்; அதற்குக் கீழே உள்ளது சப்வூஃபருக்குப் போகும்.

அடுத்தது எதிரொலி. வெறும் ஹாலில் ஒரு முறை கை தட்டினால் 'கிர்ர்' என்று உலோகச் சத்தம் வால்போல் நீளும். உங்கள் ஊர்ப் பக்கத்துப் பவானி ஜமுக்காளத்தைத் தரையில் விரித்தால் ட்வீட்டர் பக்கத்துக் கூச்சம் குறையும். மெல்லியது என்பதால் கீழ்ச் சுருதியை அது தொடாது. பின் சுவரில் கனமான திரைச்சீலை, புத்தக அலமாரி, மூலையில் நிறுத்திச் சுருட்டி வைத்த இலவம்பஞ்சு மெத்தை ஆகியவை இன்னும் கீழே இறங்கி வேலை செய்யும். இவற்றுக்கு ஆகும் பணம், அதே பணத்தில் வாங்கும் 'ஆடியோஃபைல்' கேபிளைவிடப் பல மடங்கு பலன் தரும்.

கேபிள் என்றால், எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் மல்டி-ஸ்ட்ராண்ட் செம்பு ஒயர் சிவப்பும் கறுப்பும் வாங்கி முறுக்கிக்கொண்டால் போதும். 5 மீட்டர் போய்வர அதன் தடை 0.12 ஓம்தான், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மலிவு ஒயர்களில் செம்பு முலாம் பூசிய அலுமினியம் உண்டு. ஒரு இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வாங்காதீர்கள். முனையில் ஓர் இழைகூட அடுத்த டெர்மினலைத் தொடக் கூடாது. தொட்டால் ரிசீவர் 'புரொடெக்ட்' என்று காட்டி அணையும்.

கதவு போட்ட ஷோகேஸுக்குள் ரிசீவரை வைத்தாலும் அதே 'புரொடெக்ட்' வரும், இந்த முறை வெப்பத்தால். மேலே அரை அடி திறந்திருக்கட்டும். காற்றோட்டத் துளை வழியே பல்லியும் எறும்பும் போய் போர்டில் ஷார்ட் ஆவது நம் ஊரில் அடிக்கடி நடப்பது. வருடம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தூசி தட்டுங்கள். 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் கேபிள் டி.வி. ஒயரை ஒரு நிமிடம் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் காரணம் அந்த ஒயர் வழியே வரும் எர்த். எக்காரணத்துக்காகவும் பிளக்கின் எர்த் பின்னை வெட்டாதீர்கள்.

கோவையிலோ சென்னையிலோ கேட்டுப் பார்த்துத்தான் வாங்குங்கள். நன்கு பழகிய நான்கு பாட்டுகளை எடுத்துப் போங்கள். இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிடும்போது சத்தம் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். போனில் டெசிபல் காட்டும் செயலி ஒன்றே போதும். 2 டெசிபல் கூடுதலாக ஒலிப்பது எப்போதும் 'நன்றாக' இருப்பதுபோல் தோன்றும்.

வீட்டில் பொருத்திய பிறகு, ரிசீவரோடு வரும் மைக்கை ஸ்டாண்டில் காது உயரத்தில் வைத்து அளவெடுக்க விடுங்கள். கையில் பிடிக்க வேண்டாம். சீலிங் ஃபேனும் ஏ.சி.யும் அணைந்திருக்கட்டும், ஃபேன் காற்று மைக்கில் பட்டால் பாஸ் அளவு முழுவதும் தப்பாகும். அது முடிந்ததும் அறுபதுகளின் சினிமாப் பாட்டு ஒன்றைப் போடுங்கள், பிற்காலத்தில் ஸ்டீரியோவாக மாற்றிய பதிப்பு வேண்டாம். அசல் பதிவு மோனோ. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வருவதால் குரல் டி.வி.யின் நட்டநடுவில், ஆள் நிற்பதுபோல் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் தூரத்தை டேப் வைத்து அளந்து சரி செய்யுங்கள். குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் பரவி, பாஸும் மெலிந்திருந்தால் ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கிறது. ஒயரை ரிசீவரிலிருந்து கழற்றி, அந்த முனையில் 1.5 வோல்ட் பென் டார்ச் பேட்டரியை ஒரு கணம் தொடுங்கள். சிவப்பு ஒயர் பேட்டரியின் பிளஸ்ஸைத் தொடும்போது வூஃபர் கூம்பு வெளியே வர வேண்டும். உள்ளே போனால் அந்த ஸ்பீக்கரின் பின்னால் ஒயரை மாற்றிச் சொருகுங்கள்.