மலையேறும் முன் சமதளம்

கேள்வி: 200 கி.மீ. பயணத்துக்காக என் சைக்கிளில் சீட், ஹேண்டில்பார், கியர் மூன்றையும் மாற்றியுள்ளேன். நேராக ஏற்காடு ஏறிச் சோதிக்கலாமா?
- வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: வேண்டாம். மூன்றையும் ஒருசேர மாற்றியிருப்பதால், வலி வந்தால் காரணம் எதுவென்று பிரித்தறிவது கடினம். முதலில் சமதளச் சாலையில், பயணத்தன்று சுமக்கவிருக்கும் அதே பையுடன் சில மணி நேரம் ஓட்டுங்கள். முழங்காலின் முன்புறம் வலித்தால் சீட் தாழ்ந்திருக்கலாம். பின்புறம் வலித்தால் உயர்ந்திருக்கலாம். எதுவாயினும் ஒரு முறைக்குச் சில மில்லிமீட்டருக்கு மேல் மாற்றாதீர்கள். புதிய கியர் கேபிள் தொடக்கத்தில் சற்றுத் தளர்வது இயல்பே என்பதால், அதை மீண்டும் இறுக்கிய பிறகே மலைக்குச் செல்லுங்கள்.

ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகள் கியரைச் சோதிப்பது ஏறும்போது. பிரேக்கைச் சோதிப்பது இறங்கும்போது. அதுவே எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிரேக்கைத் தொடர்ந்து பிடித்தபடியே இறங்கினால் சூடேறிப் பிடிமானம் குறையும். ஆகவே வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவு முடிந்ததும் விட்டுவிடுங்கள்.