பழைய மெத்தையில் எது மிச்சம்?

நாற்காலி, சோபா, வண்டி சீட் என்று குஷன் தைப்பதே என் தொழில். உட்கார்ந்து உட்கார்ந்து அமுங்கிப்போனதைப் பிரித்து, உள்ளே எது நல்லது, எது போனது என்று பார்ப்பதுதான் அதில் எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பழைய மெத்தை பற்றியவை. அதனால் இந்த இதழில் மெத்தையைத் தவிர வேறு பேச்சு இல்லை.

கேள்வி: அக்கா, எங்கள் இரட்டைக் கட்டில் ஃபோம் மெத்தை இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்துவிட்டது. அதை வெட்டித் தரையில் போட்டு உட்காரக் குஷன் தைக்கலாம் என்கிறார் அம்மா. அமுங்கிய ஃபோம் எதற்கும் ஆகாது என்கிறார் வீட்டுக்காரர். யார் சொல்வது சரி?

அம்மா சொல்வதுதான் சரி. மெத்தை முழுவதும் ஒரே மாதிரி அமுங்குவதில்லை. தோளும் இடுப்பும் படுகிற இடம்தான் முதலில் போகும். இரண்டு பேர் படுத்த மெத்தையில் நடுவே நீளவாக்கில் ஒரு பட்டை, கால்மாட்டில் ஒரு பட்டை, தலையணை கிடந்த இடம், இவை பெரும்பாலும் புதுசு போலவே இருக்கும். விரிப்பை எடுத்துவிட்டு, நேரான நீளக் குச்சி ஒன்றை மெத்தையின் குறுக்கே வையுங்கள். குச்சிக்கும் மெத்தைக்கும் நடுவே இடைவெளி தெரிகிற இடமெல்லாம் பள்ளம். அதைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டு ஒதுக்கிவிட்டால், மீதி உங்களுடையது.

அப்புறம் உள்ளங்கையால் அழுத்தி விட்டுப் பாருங்கள். சாதாரண ஃபோம் கையோடு கூடவே எழும்ப வேண்டும். மெதுவாக எழுந்தாலோ, கையை எடுத்ததும் மஞ்சள் தூள் ஒட்டினாலோ அந்தத் துண்டு வேண்டாம். மெமரி ஃபோம் என்றால் கணக்கு வேறு, அதன் குணமே மெதுவாக எழுவதுதான். 1966-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக, விமான இருக்கைகளை மனதில் வைத்து உருவாக்கிய பொருள் அது. உடம்புச் சூட்டுக்கு இளகும், குளிரில் விறைக்கும். எவ்வளவு நேரம் ஆனாலும் முழுசாகப் பழைய உயரத்துக்கு வந்துவிட்டால் அது நல்ல மெமரி ஃபோம். ஆனால் அதை மட்டும் வைத்து உட்காரும் குஷன் தைக்காதீர்கள், தரை தட்டும். கெட்டியான ஃபோமுக்கு மேலே ஒரு அங்குலம், இரண்டு அங்குலம் போட்டால் அருமையாக இருக்கும்.

இனி ஒரு எச்சரிக்கை. இதைப் படிக்காமல் கத்திரியை எடுக்க வேண்டாம். சில மெமரி ஃபோம் மெத்தைகளில், மேல் உறைக்குள் இன்னொரு உள்ளுறை இருக்கும். தீப்பிடிக்காமல் தடுக்க அதைக் கண்ணாடி இழையில் நெய்திருப்பார்கள். அதைக் கிழித்தால் கண்ணுக்குத் தெரியாத ஊசி ஊசியான இழை வீடு முழுக்கப் பரவும். தோல் அரிக்கும், கண் உறுத்தும், துணிமணிகளில் ஏறினால் போகவே போகாது. மெத்தையின் ஓரத்தில் தைத்திருக்கும் சீட்டைப் படியுங்கள். 'கிளாஸ் ஃபைபர்' அல்லது 'ஃபைபர் கிளாஸ்' என்று இருந்தால் உறையின் ஜிப்பைக்கூடத் திறக்காதீர்கள். ஜிப் இருக்கிறது என்பதற்காக அது துவைக்கிற உறை என்று அர்த்தமில்லை. சீட்டு கிழிந்துபோய், உள்ளே மினுமினுக்கும் வெள்ளை வலை போன்ற உறை தெரிந்தாலும் அப்படியே மூடிவிடுங்கள். அந்த மெத்தையில் எதுவும் செய்ய வேண்டாம்.

அந்தச் சிக்கல் இல்லை என்றால் தையலைப் பிரியுங்கள். உறையைச் சுற்றி வரும் நாடாவின் ஓரத்தில் சங்கிலித் தையல் இருக்கும். ஒரு முனையில் சரியான நூலைப் பிடித்துவிட்டால் சரசரவென்று பிரிந்து வரும். வராவிட்டால் மறுமுனையிலிருந்து இழுத்துப் பாருங்கள். பிளேடால் குத்திக் கிழிக்க வேண்டாம், துணி முக்கியம். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

உள்ளே பெரும்பாலும் ஃபோம் அடுக்கடுக்காக இருக்கும். மேலே மென்மையான ஒன்று, அடியில் கெட்டியாக ஒன்று. அடியில் பல நிறத் துண்டுகளை ஒட்டி அழுத்தியது போல ஒரு பலகை வந்தால் சந்தோஷப்படுங்கள். ரீபாண்டட் என்பார்கள். ஃபோம் தூளையும் துண்டையும் பசை சேர்த்து அழுத்திச் செய்வது. கனமாக இருக்கும், லேசில் அமுங்காது. தரைக் குஷனுக்கு அதைவிட நல்ல அடிப்பாகம் கிடையாது.

வெட்டுவதற்கு நீளமான, பல் வைத்த ரொட்டிக் கத்தி போதும். அழுத்தி வெட்டாதீர்கள், அழுத்தினால் வெட்டு உள்வாங்கி ஓரம் வளைந்துவிடும். கோடு போட்ட இடத்தை மேசை விளிம்புக்கு வெளியே நீட்டி வைத்து, கத்தியை நேராக நிறுத்தி, நீள நீளமாக இழுங்கள். வேலையை வாசலிலோ மாடியிலோ வைத்துக்கொள்ளுங்கள், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு.

ஃபோம் 18 அங்குலம் என்றால் உறையைப் பதினேழரைக்குத் தையுங்கள். அளவுக்கு அளவு தைத்தால் ஒரு மாதத்தில் உறை தொளதொளக்கும், அரை அங்குலம் குறைத்தால்தான் மூலை நிமிர்ந்து நிற்கும். ஃபோமுக்கும் உறைக்கும் நடுவே காடாத் துணியில் ஒரு உள்ளுறை போடுங்கள். உறையைத் துவைக்கக் கழற்றும்போது ஃபோம் பிய்யாது. ஜிப்பைப் பின்பக்கத்தில் மட்டும் வைக்காமல் இரண்டு மூலையையும் தாண்டி மூன்று அங்குலம் பக்கவாட்டில் திருப்பி வைத்தால், ஃபோமை மடக்கித் திணிக்கும் பாடு இருக்காது.

கேள்வி: உறைத் துணியை என்ன செய்வது? கறையாக இருக்கிறது, குப்பைதானே?

குப்பை இல்லை. மெத்தையிலேயே அதிகம் உழைக்கக்கூடியது அந்தத் துணிதான். பஞ்சு வெளியே வராதபடி நெருக்கமாக நெய்தது. சுற்றுப்பட்டையும் அடிப்பக்கமும் யார் உடம்பும் படாதவை, அநேகமாகக் கறையே இருக்காது. மேல் பக்கத்தில் கறை படிந்த நடுப்பகுதியை விட்டுவிட்டு ஓரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். துணி தாங்குமானால் 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் தூசிப் பூச்சிகளும் செத்துவிடும்.

சுற்றுப்பட்டையில் தூக்குவதற்குக் கைப்பிடி தைத்திருப்பார்கள். அதைப் பிரிக்காமல் பட்டையோடு சேர்த்து வெட்டி, நான்கு பக்கமும் மடித்துத் தைத்தால் விறகு, தேங்காய், செங்கல் தூக்குகிற பை தயார். சன்ன ஃபோமோடு சேர்த்துத் தைத்த மேல்துணி என்றால், தையல் மெஷினுக்கு மூடி, முட்டி போட்டு வேலை செய்ய விரிப்பு, ஏணியின் கால்களுக்கு உறை என்று எத்தனையோ செய்யலாம்.

கேள்வி: பாட்டியின் பஞ்சு மெத்தை ஒன்று பரணில் கிடக்கிறது. இலவம்பஞ்சா, பருத்தியா என்றுகூடத் தெரியவில்லை. தலையணைக்கு ஆகுமா?

ஓரத் தையலில் விரல் போகிற அளவு திறந்து ஒரு கிள்ளு பஞ்சு எடுங்கள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் திரியுங்கள். பருத்தி என்றால் இழை ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு திரியாக நீளும். இலவம்பஞ்சு வழுக்கும், பட்டு மாதிரி மினுங்கும், இழுத்தால் அறுந்துவிடும். அதனால்தான் அதை நூலாக நூற்பதில்லை.

இலவம்பஞ்சு என்றால் அதிர்ஷ்டம். அதன் இழை உள்ளே குழல் மாதிரி வெற்றாக இருக்கும், மேலே மெழுகுப் பூச்சு வேறு. தண்ணீர் ஏறாது, மிதக்கும். அந்தக் காலத்தில் கப்பல்காரர்களின் உயிர்காப்பு உடுப்புகளுக்குள் இதைத்தான் அடைத்தார்கள். நல்ல வெயிலில் ஒரு பழைய வேட்டிக்குள் கொட்டிக் கட்டி, காயவிட்டு, குச்சியால் தட்டுங்கள். திறந்து வைத்துத் தட்டினால் பாதி பஞ்சு பறந்துவிடும், தூசியும் மூக்கில் ஏறும். உருண்டை பிடித்ததைக் கையால் பிய்த்துவிடுங்கள். பிய்த்தால் தூளாக உதிர்கிற பஞ்சைக் கழித்துவிடுங்கள். ஒன்று மட்டும் கவனம்: இலவம்பஞ்சு பொட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பு, விளக்கு இருக்கும் இடத்தில் இந்த வேலை கூடாது.

பருத்தி என்றால் வெயிலில் போட்டு, கட்டியானதைப் பிய்த்து, உட்காரும் திண்டுக்கு அடைக்கலாம். ரொம்ப இறுகிப்போன வெறும் பருத்தியைச் சின்னச் சின்னதாகக் கிழித்து மக்கவிடலாம்.

கேள்வி: தேங்காய் நார் மெத்தையைச் செடிகளுக்குப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், பூச்செடிகளுக்கும் அழகுச் செடிகளுக்கும். மெத்தையில் வரும் நார் பெரும்பாலும் ரப்பர் பால் தெளித்து வேகவைத்த பலகை. மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் நாரில் அதிகம் என்பதால் சீக்கிரம் மட்காது, தண்ணீரும் தேங்காது. தொங்குதொட்டிக்கு உள்வரியாக வெட்டிப் போடுங்கள், தொட்டியின் அடியில் ஓட்டைக்கு மேலே ஒரு வில்லை வையுங்கள், மண் ஒழுகாது. கீரை, காய்கறிக்கு நான் போடமாட்டேன். ரப்பரோடு என்னென்ன சேர்த்தார்கள் என்று நமக்குத் தெரியாதபோது, சாப்பிடுகிற செடியின் வேருக்கு அது வேண்டாம்.

கேள்வி: ஸ்பிரிங் மெத்தையைப் பிரித்துக் கம்பிகளைத் தனித்தனியாக வெட்டலாம் என்று இருக்கிறேன். ஆக்ஸா பிளேடு போதுமா?

தம்பி, தனித்தனியாக எதற்கு வெட்ட வேண்டும்? அது விறைப்பான எஃகு. ஆக்ஸா பிளேடால் அறுத்தால் கை வலிதான் மிச்சம். இறுக்கத்தில் இருக்கும் சுருள் அறுபட்டதும் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. துணிப் பைக்குள் ஒவ்வொன்றாக அடைத்த ஸ்பிரிங் என்றால் இன்னும் மோசம், பையைக் கிழித்ததுமே எகிறும். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் போல்ட் கட்டர், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, தடித்த கையுறை மூன்றும் வேண்டும்.

என்னைக் கேட்டால் சுருள்கள் கம்பியால் பின்னிய சட்டத்தை அப்படியே முழுசாக எடுத்து, துருவைத் தேய்த்து, பிரைமரும் பெயின்டும் அடித்து, சுவரோரம் இரண்டு கழிகளோடு சேர்த்துக் கட்டி நிறுத்துங்கள். பாகல், அவரை, மல்லிகை எது வேண்டுமானாலும் ஏறும். கொடியின் சுருள் பிடிக்க இத்தனை வளையம் உள்ள பந்தலை யாரும் கட்டித் தரமுடியாது. வெளியே நீட்டும் கம்பி முனைகளை மட்டும் குறடால் உள்பக்கம் மடக்கிவிடுங்கள்.

கேள்வி: மகன் டிரம்ஸ் பழகுகிறான். மெத்தை ஃபோமைச் சுவரில் ஒட்டினால் சத்தம் வெளியே போகாமல் இருக்குமா?

தயவுசெய்து ஒட்டாதீர்கள். முதலில், ஃபோம் அறைக்குள் எதிரொலியைத்தான் குறைக்கும். பக்கத்து வீட்டுக்குப் போகும் சத்தத்தைத் தடுக்கக் கனமான சுவரும் இடைவெளியில்லாத கதவும்தான் வேண்டும். அதைவிட முக்கியம் தீ. மெத்தை ஃபோம் பாலியூரித்தேன் என்ற ஒரு வகை பிளாஸ்டிக். பற்றினால் நொடியில் படரும், அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சயனைடு என்ற விஷ வாயுக்கள் இருக்கும். 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரு இரவு விடுதியில், மேடைச் சுவரில் சத்தத்துக்காக ஒட்டிய ஃபோமில் வாணப்பொறி பட்டு 100 பேர் இறந்தார்கள். 2013 ஜனவரியில் பிரேசிலின் சாண்டா மரியா நகரில் அதே மாதிரி இன்னொரு விடுதியில் 242 பேர். படிக்கும்போதே மனசு கலங்குகிறது. அவன் அறையில் கனமான திரையும் தடித்த தரைவிரிப்பும் போடுங்கள். ஃபோமைக் கையளவு தடிமனில் வெட்டி டிரம்ஸின் அடியில் வைத்தால் அதிர்வு தரைக்கு இறங்குவது குறையும், அது போதும்.

கேள்வி: நாய்க்குட்டிக்குப் படுக்கை, கைக்குழந்தைக்குத் தொட்டில் மெத்தை, இரண்டும் ஒரே ஃபோமில் தைக்கலாமா அக்கா?

நாய்க்கு ஆகும், கடித்துக் குதறும் குட்டியாக இல்லாவிட்டால். விழுங்கிய ஃபோம் குடலை அடைத்துவிடும். கைக்குழந்தைக்குக் கூடவே கூடாது. பிள்ளை படுக்கும் இடம் சமமாக, கெட்டியாக இருக்க வேண்டும். மெத்தென்ற ஃபோமில் முகம் புதைந்தால் திருப்பிக்கொள்ள அதற்குத் தெரியாது.

கேள்வி: மூட்டைப்பூச்சி இருந்த மெத்தை. வெயிலில் நன்றாகப் போட்டால் எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். மூட்டைப்பூச்சி இரத்தம் குடிக்காமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். முட்டை தையல் இடுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். வெயில் மேலே சுட்டாலும் உள்ளே அந்தச் சூடு போகாது. பிரித்தால் வீடு முழுக்க நீங்களே பரப்பிவிடுவீர்கள். பிளாஸ்டிக்கில் சுற்றி ஒட்டி, 'மூட்டைப்பூச்சி உள்ளது' என்று பெரிதாக எழுதி அப்புறப்படுத்துங்கள். பூஞ்சை வாடை அடிக்கும் மெத்தைக்கும் இதே பதில்தான்.

கேள்வி: வெட்டியது போக மிஞ்சும் ஃபோம் துணுக்குகளைத் தூளாக்கித் தலையணைக்கு அடைக்கலாமா? இல்லை, எரித்துவிடலாமா?

எரிக்கவே கூடாது, புகையைப் பற்றி மேலே சொன்னதுதான். நல்ல ஃபோமின் துணுக்கைக் கையால் பிய்த்து, இரட்டை உறைக்குள் அடைத்து, முதுகுக்கோ காலுக்கோ முட்டுக் கொடுக்க வைத்துக்கொள்ளலாம். ஆனால் 2005-க்கு முந்தைய மெத்தை என்றால் அதைத் தூளாக்க வேண்டாம். அந்தக் காலத்து ஃபோமில் தீத்தடுப்புக்காகப் பென்டா பிடிஇ என்ற இரசாயனத்தைச் சேர்ப்பது உண்டு. உடம்பிலும் மண்ணிலும் தங்கிவிடும் நச்சு என்று 2009-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் தடைப் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள். தூசியோடு அது மூக்குக்குள் போகும்.

மிஞ்சிய நல்ல துணுக்குகளை ஒரு சாக்கில் கட்டிவைத்து, ரீபாண்டட் செய்கிறவர்களுக்கோ குஷன் தைக்கிறவருக்கோ கொடுத்துவிடுங்கள். ஈரம் படாமல், நிறம் பார்க்காமல் ஒரே சாக்கில் போடலாம். பசை காய்ந்து ஒட்டியிருக்கும் துணுக்குகளை மட்டும் தனியாக எடுத்துவிடுங்கள், கொடுக்கும்போது கேட்பார்கள்.