லூமென் அதிகமாக இருந்தும் டார்ச் வெளிச்சம் ஏன் தூரம் போவதில்லை?

லூமென் என்பது டார்ச்சிலிருந்து வெளிவரும் மொத்த வெளிச்சம். அது எவ்வளவு தூரம் எட்டும் என்பதைக் கேண்டெலாதான் சொல்லும்: ஒரே திசையில் ஒளி எவ்வளவு செறிவாகப் போகிறது என்ற அளவு. குழாய் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் தூரமாகப் பீய்ச்சுமே, அதுபோல. இங்கே விரலின் வேலையைச் செய்வது எல்இடியைச் சுற்றியுள்ள பளபளப்பான கிண்ணம். கிண்ணம் அகலமாகவும் எல்இடி சிறியதாகவும் இருந்தால் ஒளி நன்றாகக் குவியும். அதனால் டார்ச்சின் தலையைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

அப்புறம் சூடு. சக்தி வாய்ந்த சின்ன டார்ச்சுகள் பல, உச்ச வெளிச்சத்தைச் சில நிமிடங்களே தரும். உடல் சூடானதும் தானாகக் குறைத்துக்கொள்ளும். அது பழுதல்ல. கனமான உலோக உடல் கூடுதல் நேரம் தாங்கும்.

வெளிச்சம் இரட்டிப்பானால் தூரமும் இரட்டிப்பாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, 10,000 கேண்டெலா 200 மீட்டர் எட்டினால், 400 மீட்டருக்கு 40,000 வேண்டும்.