இலங்கை மலைநாட்டுல பாக்குற சின்ன வல்லூறு ஷிக்ராவா பெஸ்ராவான்னு எப்படி அடையாளம் காணுறது?

தொண்டைல நடுக்கோடு இருந்தா பெஸ்ரான்னு பொதுவா சொல்லுவாங்க, வளர்ந்த பறவைக்கு அது ஓரளவு சரிதான், ஆனா அதுக்கு முதல்ல பறவை வளர்ந்ததா இளசான்னு பாருங்க. முதுகு மண்ணிறமா இறகு ஓரமெல்லாம் வெளிறி, நெஞ்சுல சொட்டுச் சொட்டா மண்ணிறப் புள்ளி இருந்தா அது இளசு, இளசு ஷிக்ராவுக்கும் அந்தக் கோடு நல்லா கறுப்பாவே தெரியும், அதனாலதான் இவ்வளவு குழப்பம்.

வளர்ந்தது கஷ்டமில்ல. ஷிக்ரா முதுகு வெளிறின சாம்பல், தொண்டைக்கோடு இருக்கா இல்லையான்னு யோசிக்கிற அளவுக்கு மெல்லிசு, நெஞ்சுல செம்மண் நிறத்துல நெருக்கமா பொடிப்பொடி குறுக்குக் கோடுங்க, ஆணுக்கு கண்ணு செவப்பு. பெஸ்ரா முதுகு இருட்டு, தொண்டைக்கோடு கரித்துண்டால இழுத்த மாதிரி இருக்கும், நெஞ்சு நடுவுலயும் கறுத்த கீற்றுகள் இறங்கும், வயித்துல பட்டை தடிப்பா இருக்கும், வாலுல கறுப்புப் பட்டையும் அகலம்.

சைஸ வச்சு முடிவு பண்ணாதீங்க, இந்தக் கூட்டத்துல பெண்தான் ஆணை விடப் பெரிசு. தலைக்குப் பின்னால சின்னக் கொண்டை, பறக்கும்போது வாலடில ரெண்டு பக்கமும் பொங்கி நிக்கிற வெள்ளை இறகு, இதெல்லாம் தெரிஞ்சா அது கிரெஸ்டட் கோஷாக்ங்கிற இன்னொரு வல்லூறு வகை, அதுக்கும் தொண்டைக்கோடு உண்டு.

தேயிலை மலை, தோட்டத் தொழிலாளர் லயத்துப் பக்கம், ரோட்டோர மரம்னா பெரும்பாலும் ஷிக்ராதான், ஓணான் பிடிக்க வரும். பெஸ்ரா காட்டை விட்டு அவ்வளவா வெளிய வராது, நுவரெலியா பக்கத்து ஹக்கல மாதிரி அடர்ந்த காட்டு ஓரத்துல காத்திருந்து பாக்கணும். ஆனாலும் இடம் ஒரு துணைதான், இடத்த மட்டும் நம்பி பேர் வைக்கக் கூடாது.

இன்னொன்னு, நம்ம மலைல அக்கா குயில் இருக்கு, நிறமும் வால் பட்டையும் பறக்குற விதமும் அப்படியே ஷிக்ரா, தாழப் பறந்து வந்து சட்டுனு மேலேறி கிளைல உக்காருறது வரைக்கும் அதே மாதிரி, சின்னக் குருவிங்களே பயந்து கத்தும். அலகப் பாருங்க, வல்லூறுக்கு கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கும், குயிலுக்கு அந்தக் கொக்கி இல்ல.

படம் எடுத்தா முன்பக்கத்துல இருந்து தொண்டையும் நெஞ்சும் தெரியிற மாதிரி ஒன்னு, வால் விரிஞ்ச நேரத்துல ஒன்னு எடுங்க, முதுகு மட்டும் தெரியிற படத்துல இளசுக்கு நான் பேர் சொல்ல மாட்டேன்.