காசைக் கொடுத்துவிட்டேன், கோபம் ஏன் தீரவில்லை?

கேள்வி: தையற்கடை வைத்திருக்கிறேன். பத்து வருட வாடிக்கைக்காரர் ஒருவர், மகளின் முகூர்த்தத்தன்று தான் போட்டுக்கொள்ள ஒரு பட்டு ஜாக்கெட் தைக்கக் கொடுத்தார். கை இறுக்கமாகிவிட்டது, பிரித்துத் தைக்க உள்ளே துணியும் இல்லை. கடையில் நாலு பேர் இருக்கும்போது, “அளவு ஜாக்கெட்டை நீங்கள்தான் மாற்றிக் கொடுத்திருப்பீர்கள்” என்று சொல்லிவிட்டேன். பிறகு அளவு நோட்டைப் பார்த்தால் தவறு எங்களுடையது. துணி விலை, ஆரி வேலைக் கூலி, தையல் கூலி எல்லாவற்றையும் மறுநாளே கவரில் போட்டுக் கடைப் பையனிடம் கொடுத்தனுப்பினேன். வாங்கிக்கொண்டார். ஆனால் கோயிலில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இன்னும் என்னதான் எதிர்பார்க்கிறார்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, கவருக்குள் என்னென்ன வைத்தீர்கள் என்று கணக்காக எழுதியிருக்கிறீர்கள். தவறு உங்களுடையது என்பது நோட்டைப் பார்த்து உங்களுக்குத் தெரிந்தது. அவருக்கு யார் சொன்னார்கள்? கடைப் பையனா? அன்று கடையில் இருந்த நாலு பேருக்கு, அவர் இன்றைக்கும் அளவைத் தப்பாகக் கொடுத்துவிட்டு உங்களிடம் காசும் வாங்கிக்கொண்டவர்.

புகார் செய்த வாடிக்கையாளர்களின் அனுபவங்களை டாக்ஸ், பிரவுன், சந்திரசேகரன் என்ற மூவர் ஆராய்ந்து 1998இல் எழுதினார்கள். நட்டத்துக்கு என்ன கிடைத்தது, அலையவிடாமல் கிடைத்ததா, கொடுத்தவர் எப்படி நடந்துகொண்டார் என்று மூன்று வகையில் மக்கள் நியாயத்தை எடைபோடுகிறார்கள். முதல் இரண்டிலும் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். மூன்றாவதில் கோட்டை விட்டீர்கள்.

முகூர்த்தத்தன்று கைக்குக் கிடைத்த ஏதோ ஒரு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டுதான் அவர் மணமேடையில் நின்றிருப்பார். கல்யாண ஆல்பத்தைப் புரட்டும்போதெல்லாம் அது கண்ணில் படும், கூடவே நீங்கள் சொன்னதும் காதில் விழும். காசுதான் குறி என்றால் அவருக்கு வேறு வழி இருக்கிறது. தையலும் சேவைதான், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் முறையிட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. (பயப்படாதீர்கள், அவர் போவார் என்று எனக்குத் தோன்றவில்லை.)

அளவு நோட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள். பக்கத்தைக் காட்டி, “தப்பு எங்களுடையது, உங்கள் மேல் பழி போட்டது அதைவிடப் பெரிய தப்பு” என்று சொல்லுங்கள். முகூர்த்த சீசன் நெருக்கடி, ஆள் பற்றாக்குறை என்று எதையும் சேர்க்காதீர்கள். அடுத்த ஜாக்கெட்டை இலவசமாகத் தைத்துத் தருகிறேன் என்றும் சொல்லாதீர்கள். மறுபடியும் காசில் போய் நிற்கும். அவர் திட்டினால் திட்டி முடிக்கட்டும். கடையில் அன்று இருந்தவர்களிடமும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். நாலு பேர் முன்னால் போட்ட பழியை வீட்டுக்குள் மட்டும் எடுத்தால் போதாது.

தவறைத் திருத்திவிட்டால் வாடிக்கையாளர் முன்னைவிட நெருக்கமாகிவிடுவார் என்று வியாபார வகுப்புகளில் ஆசை காட்டுவார்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2007இல் வந்தது. மனநிறைவு கூடுவது அதில் தெரிந்தது. மறுபடி வாங்க வருவார்கள் என்பதற்கு அந்த உறுதி கிடைக்கவில்லை. அதனால் அவர் திரும்பவும் துணி கொண்டுவருவார் என்று கணக்குப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். கோயிலில் ஒரு தலையசைப்பு கிடைத்தாலே அதிகம்.

இன்னொன்று. பட்டு ஜாக்கெட்டுக்கு உள்ளே பிரித்துவிடத் துணி விடாமல் வெட்டியது யார்? உங்கள் கட்டிங் மாஸ்டரிடம் அதையும் விசாரியுங்கள்.